ஆறு குளிர்காலம், ஒரு பாய்லர், இறங்கிக்கொண்டே இருந்த முள்

இங்கிலாந்தின் ரெடிங் நகரில் நாங்கள் வீடு வாங்கியபோது சமையலறை அலமாரிக்குள் ஒரு காம்பி பாய்லர் இருந்தது, குழாய்க்கு வெந்நீரும் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குச் சுடுநீரும் தருகிற கேஸ் இயந்திரம். ஆறு குளிர்காலமாக அதோடுதான் வாழ்கிறோம். எரிவதில் அது ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை. தொல்லை கொடுத்ததெல்லாம் பிரஷர்தான்.

முதல் ஜனவரியில் ஒரு விடியற்காலை வெந்நீர் வரவில்லை, ரேடியேட்டர்களும் சில்லென்று கிடந்தன. பாய்லரின் அழுத்தமானி முள் 0.3 பாரில் நின்றது (பார் என்பது அழுத்தத்தின் அலகு). மதுரையிலிருந்து வந்திருந்த அம்மா, "தண்ணி பத்தலேன்னா மோட்டாரைப் போடுப்பா" என்றார். எனக்கும் அதே குழப்பம்தான். குழாயைத் திறந்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது, பிறகு எங்கே பிரஷர் குறைந்தது?

இரண்டும் வேறு வேறு தண்ணீர். குழாயில் வருவது தெருவிலிருந்து வருவது. ரேடியேட்டருக்குள் இருப்பது வெளியே போகாமல் ஒரே வளையத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் தண்ணீர். முள் காட்டுவது அந்த மூடிய வளையத்தின் அழுத்தத்தை. ஆறிக் கிடக்கும்போது 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும். சூடேறினால் 2 வரை போகும். ரொம்பவும் இறங்கிவிட்டால் பாய்லர் தானே அணைந்துவிடும். 3 பாரைத் தொட்டால் ரிலீஃப் வால்வு திறந்து, வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் குழாய் வழியே தண்ணீரை வெளியேற்றிவிடும்.

பாய்லருக்குக் கீழே கம்பி பின்னிய ஒரு சிறு குழாய், இரண்டு முனையிலும் வால்வு: அதுதான் ஃபில்லிங் லூப், தெருத்தண்ணீரை வளையத்துக்குள் விடும் வழி. பாய்லர் ஆறியபிறகு இரண்டு வால்வையும் மெதுவாகத் திறந்து, முள் 1.3க்கு வந்ததும் இரண்டையும் இறுக மூட வேண்டும். முதல்முறை நான் 2.5 வரை ஏற்றிவிட்டேன், அதிகம் இருந்தால் நல்லதுதானே என்று. அன்று மாலை ஹீட்டிங் போட்டதும் 3ஐத் தாண்டி வால்வு திறந்துகொண்டது. ஒருமுறை திறந்த வால்வில் தூசு சிக்கினால் பிறகு சரியாக மூடாது. எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது, சொட்டுச் சொட்டாக ஒழுகியது. வெளிக்குழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி இரவு முழுக்க விட்டுத்தான் அதைக் கண்டுபிடித்தேன். காலையில் பையில் அரை டம்ளர் தண்ணீர். வால்வையே மாற்ற வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, ஆறியிருக்கும்போது எவ்வளவு, சூட்டில் எவ்வளவு, அவ்வளவுதான். ஆறு வருடத்தில் எனக்கு அதிகம் உதவிய கருவி அந்த நோட்டுதான். ரேடியேட்டருக்குள் சிக்கிய காற்றைத் திறந்துவிட்ட மறுநாள் முள் கொஞ்சம் இறங்கினால் கவலை வேண்டாம், போன காற்றின் இடத்தைத் தண்ணீர் நிரப்பியிருக்கிறது. வருடத்துக்கு ஓரிரு முறை நிரப்புவதும் பெரிய விஷயமில்லை. வாராவாரம் நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ கோளாறு இருக்கிறது. "பழைய வீடு, அப்படித்தான் இருக்கும், நிரப்பிக்கொண்டே இருங்கள்" என்று சொன்ன ஒரு மெக்கானிக் மீது எனக்கு இன்னும் கோபம் உண்டு. புதுத்தண்ணீர் போகும் ஒவ்வொரு முறையும் புது ஆக்ஸிஜனும் உள்ளே போகிறது. துருத்தடுப்பு மருந்து நீர்த்துப்போகிறது. ரேடியேட்டர் இரும்பு அரித்துக் கறுப்புச் சேறாகி அடியில் தங்குகிறது. கீழ்ப்பாதி மட்டும் சூடேறாத ரேடியேட்டர் அதைத்தான் சொல்கிறது.

நான்காம் வருடம் நோட்டில் ஒரு விசித்திரம் தெரிந்தது. ஆறினால் 0.6, சூட்டில் 2.9. இவ்வளவு ஏற்ற இறக்கம் இருந்தால் எக்ஸ்பான்ஷன் வெசலைச் சந்தேகிக்க வேண்டும். சூட்டில் தண்ணீர் விரியும். அந்த விரிவை வாங்கிக்கொள்ள ஒரு இரும்புக் கலத்தில் ரப்பர் சவ்வும் அதன் மறுபுறம் காற்றும் இருக்கும். காற்று இறங்கிவிட்டால் விரியும் தண்ணீருக்குப் போக இடமில்லை. முள் 3ஐ நோக்கி எகிறும், வால்வு வழியே தண்ணீர் போகும், ஆறியதும் தரைதட்டும். கலத்தின் முனையில் கார் டயரில் இருப்பது போலவே ஒரு வால்வு உண்டு. வந்த இன்ஜினியர் அதன் ஊசியை அழுத்தினார், காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தது. சவ்வு கிழிந்திருந்தது. புதிய கலத்தை வெளியே தனியாகப் பொருத்தினார், துருத்தடுப்பு மருந்தும் ஊற்றச் சொன்னேன்.

பாய்லரின் மூடியைத் திறக்கும் வேலையை நான் தொடுவதில்லை, நீங்களும் தொடாதீர்கள். கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்வோருக்கான பிரிட்டனின் அதிகாரப்பூர்வப் பதிவேடு) பதிவு உள்ளவரைக் கூப்பிட்டு, அடையாள அட்டையின் பின்பக்கத்தையும் பாருங்கள். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்பது அங்கேதான் எழுதியிருக்கும்.

போன குளிர்காலத்தில் மறுபடி இறங்கத் தொடங்கியது, பத்து நாளைக்கு 0.2 என்ற கணக்கில். வெளிக்குழாயில் மறுபடி கட்டிய பை காய்ந்தே இருந்தது. அதனால் ஒன்பது ரேடியேட்டரின் வால்வுகளையும் உலர்ந்த டிஷ்யூ பேப்பரால் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பிடித்துப் பார்த்தேன். குழந்தையின் அறையில், கட்டிலுக்குப் பின்னால், செம்புக் குழாய் சேருமிடத்தில் பச்சைக் கறை. பேப்பர் ஈரமானது. சூட்டில் உடனே ஆவியாகிவிடுவதால் தரையில் ஒரு சொட்டும் தெரிந்ததில்லை. ஸ்பேனரால் வால்வு நட்டைக் கால் திருப்பு இறுக்கினேன்.

இந்த அக்டோபரில் 1.3 வைத்தேன். இப்போது மார்ச். இன்று காலை நோட்டில் எழுதியது 1.2.