முகமூடியா, தாடைக் கருவியா, ஒருக்களித்த தூக்கமா?

மட்டக்களப்பு, கல்லடியில் மாமா வீட்டு விறாந்தையில் ஓரிரவு படுத்திருந்தேன். அவருடைய குறட்டை சட்டென்று நின்றது. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன்: இருபத்திரண்டு நொடி. பிறகு ஆற்றில் முங்கி எழுந்தவர்போல ஒரு பெருமூச்சு. சற்று நேரத்தில் மறுபடியும் அதே கதை. அதை வேலை அசதி என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். ஆனால் அது தூக்கத்தில் தொண்டை ஒட்டிக்கொண்டு மூச்சு நின்று நின்று வரும் நோய், ஸ்லீப் அப்னியா.

மூச்சு 10 நொடியாவது நின்றால் மருத்துவர்கள் அதைக் கணக்கில் எடுப்பார்கள். மணிக்கு 5 தடவைக்குக் கீழே என்றால் கவலையில்லை. 30ஐத் தொட்டால் கடுமை. ஒவ்வொரு தடவையும் குருதியில் ஒட்சிசன் இறங்க, மூளை பதறி எழுப்ப, பிரஷர் ஏறுகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் மாத்திரைக்கு அடங்காத பிரஷர், இதயத் துடிப்புக் கோளாறு, பாரிசவாதம், நீரிழிவு என்று ஆபத்துகள் கூடுகின்றன.

கடுமையான நிலைக்கு என் தேர்வு காற்றழுத்த முகமூடிதான். 1981இல் சிட்னியில் கொலின் சலிவன் அறிமுகப்படுத்திய சிகிச்சை இது. உள்ளே செலுத்தும் காற்றே தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் தாங்கிப்பிடிக்கிறது. மூச்சு நிற்பதைத் தடுப்பதில் இதற்கு நிகரில்லை. ஆனால் மட்டக்களப்புப் புழுக்கத்தில் முகமூடிக்குள் வியர்க்கும். கரண்ட் போனால் காற்றும் நின்றுவிடும். 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஏற்கெனவே இதய அல்லது மூளைக் குருதிக்குழாய் நோயுள்ளவர்களுக்கு இது மாரடைப்பையோ பாரிசவாதத்தையோ குறைக்கவில்லை. ஆனால் அவர்கள் இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரமே அணிந்திருந்தார்கள். பாதி இரவுக்கு மட்டும் போட்ட மருந்தை முழுதாகப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும் பல் கருவி மூச்சுத் தடையை முகமூடியளவு குறைப்பதில்லை. ஆனால் கரண்ட் வேண்டாம், பைக்குள் அடங்கும், பலர் அதை விடியும்வரை கழற்றுவதில்லை. அதனால் பிரஷரைக் குறைப்பதில் இரண்டும் ஏறத்தாழச் சமமாக நிற்கின்றன. லேசான, நடுத்தர நிலைக்கு இதையே சொல்வேன். பல் ஆட்டம் உள்ளவர்களுக்குச் சரிவராது. ஆரம்பத்தில் தாடையும் வலிக்கும்.

ஒருக்களித்துப் படுப்பது, மல்லாந்தால் மட்டும் மூச்சு அடைபடுபவர்களுக்கே போதும். எடை கூடியவர்கள் அதைக் குறைப்பது நல்லது, ஆனால் மாதக்கணக்காகும். அதுவரை கருவியைத் தள்ளிப்போடக் கூடாது. படுக்குமுன் சாராயம் வேண்டவே வேண்டாம்.

மாமா முதல் மாதம் நள்ளிரவிலேயே முகமூடியைக் கழற்றி வைத்துவிடுவார். மூக்கை மட்டும் மூடும் சிறியதுக்கு மாற்றிய பிறகுதான் விடியும்வரை போட்டிருக்கிறார். அடுத்த அறைக்குப் பாயைக் கொண்டுபோயிருந்த மாமி திரும்பி வந்துவிட்டார்.