18 லட்சத்தில் ஒரு காபி வறுவல் யூனிட்: மலையிலா, மாநகராட்சிக்குள்ளா, எந்தத் திட்டத்தில்?

சேலத்தில் புதிதாகத் தொழில் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது, "எந்தத் திட்டத்துல மானியம் ஜாஸ்தி?" என்பதுதான். அந்தக் கேள்வி பலரைத் தவறான விண்ணப்பத்தில் கொண்டுபோய் விடுகிறது. ஒரே தொழில், ஒரே மெஷின், ஒரே ஆள் என்றாலும், ஷெட் செவ்வாப்பேட்டையில் இருந்தால் ஒரு திட்டம் லாபம். ஏற்காடு ஒன்றியத்துக் கிராமத்தில் இருந்தால் இன்னொரு திட்டம் லாபம். இடம், தொழில் புதிதா ஏற்கெனவே நடப்பதா, கையிருப்பு எவ்வளவு என்ற மூன்றையும் பார்த்த பிறகுதான் சதவீதத்துக்கு வர வேண்டும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். பெண் ஒருவர் காபி வறுத்து அரைத்துப் பாக்கெட் போடும் யூனிட் தொடங்குகிறார். மெஷின்களுக்கு 11 லட்சம், ஷெட் சீரமைப்பு, வயரிங், தரை வேலைக்கு 4 லட்சம், சரக்கு வாங்கவும் அன்றாடச் செலவுக்குமான நடைமுறை மூலதனம் 3 லட்சம். மொத்தம் 18 லட்சம். வங்கி வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

பி.எம்.இ.ஜி.பி.யில் என்ன கிடைக்கும்?

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் என்பதன் சுருக்கம்தான் பி.எம்.இ.ஜி.பி. மத்திய அரசின் இந்தத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்டச் செலவு காட்டலாம். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்கள் ஆகியோர் சிறப்புப் பிரிவு. அவர்களுக்குக் கிராமப்புறத்தில் 35 சதவீதம், நகர்ப்புறத்தில் 25 சதவீதம் மானியம். சொந்தப் பணம் 5 சதவீதம் போட்டால் போதும். பொதுப் பிரிவுக்கு முறையே 25, 15 சதவீதம். சொந்தப் பணம் 10 சதவீதம். அரசு அறிவித்த மலைப்பகுதிகளும் சிறப்புப் பிரிவில் வருகின்றன. ஏற்காட்டில் யூனிட் போடும் பொதுப் பிரிவினர், தங்கள் கிராமம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டுத்தான் பிரிவை நிரப்ப வேண்டும்.

நம் கணக்கில் கிராம ஊராட்சியில் ஷெட் இருந்தால் மானியம் 6.3 லட்சம், சொந்தப் பணம் 90 ஆயிரம். மானியம் கையில் வராது. கடன் வாங்கியவர் பெயரில் 3 ஆண்டுகளுக்கு வங்கியிலேயே வைப்புத்தொகையாக இருக்கும். அதற்கு வட்டி கிடையாது, அந்த அளவு கடனுக்கும் வட்டி போடக் கூடாது. ஆக வட்டி ஓடுவது 10.8 லட்சத்துக்கு. முதல் ஆண்டில் அசல் திருப்பாத நிலையில் 1,18,800 ரூபாய். இதே யூனிட் சேலம் மாநகராட்சிக்குள் இருந்தால் மானியம் 4.5 லட்சமாகக் குறைந்து, வட்டி 12.6 லட்சத்துக்கு ஓடும்; ஆண்டுக்கு 1,38,600 ரூபாய். எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போவதால் மட்டும் 1.8 லட்சம் கூடுதல் அசல் தலையில் ஏறுகிறது.

இடத்தைப் பற்றி இங்கே ஒரு எச்சரிக்கை. பேரூராட்சி என்ற பெயரில் 'ஊராட்சி' இருந்தாலும் அது நகர்ப்புற உள்ளாட்சி. இளம்பிள்ளை, ஓமலூர், அயோத்தியாப்பட்டணம் எல்லாம் பேரூராட்சிகள். தாரமங்கலமும் இடங்கணசாலையும் நகராட்சிகளாகவே உயர்ந்துவிட்டன. சுற்றிலும் வயல் இருக்கிறது என்பதால் கிராமம் என்று எழுதி, பிறகு வங்கியில் விண்ணப்பம் திரும்புவது சகஜம். வாடகை ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே சொத்து வரி ரசீதைப் பாருங்கள். ரசீது கொடுத்தது யார் என்பதில் பாதிப் பதில் இருக்கிறது.

பி.எம்.எஃப்.எம்.இ. எங்கே ஜெயிக்கிறது?

பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டம் இது. உணவுப் பொருள் பதப்படுத்துவதற்கு மட்டுமானது. தகுதியான திட்டச் செலவில் 35 சதவீதம், உச்சவரம்பு 10 லட்சம். கிராமம், நகரம் என்ற பிரிவே கிடையாது. சாதி, பாலினம் பார்த்து விகிதம் மாறாது. சொந்தப் பணம் மட்டும் 10 சதவீதம் வேண்டும்.

இப்போது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாநகராட்சிக்குள் அதே காபி யூனிட்டுக்கு, 18 லட்சமும் தகுதியான செலவாக ஏற்கப்பட்டால், இதில் 6.3 லட்சம் வரை மானியம் வரலாம். சொந்தப் பணம் 1.8 லட்சம், வட்டி ஓடும் கடன் 9.9 லட்சம். பி.எம்.இ.ஜி.பி.யின் 12.6 லட்சத்தோடு ஒப்பிட்டால் பேச்சுக்கே இடமில்லை. நகரத்தில் உணவுத் தொழில் என்றால் பி.எம்.எஃப்.எம்.இ.தான். மலைக் கிராமத்திலோ இரண்டிலும் மானிய விகிதம் ஒன்றே. கையில் கூடுதலாக 90 ஆயிரம் போட முடியாதவருக்கு அங்கே பி.எம்.இ.ஜி.பி. நல்லது.

இன்னொரு பெரிய வித்தியாசம், ஏற்கெனவே நடக்கும் யூனிட்டுக்கும் பி.எம்.எஃப்.எம்.இ. கிடைக்கும் என்பது. ஆத்தூர் பக்கம் மரவள்ளி அப்பளமோ வற்றலோ போட்டு விற்றுக்கொண்டிருப்பவர், ஜவ்வரிசி ஆலையில் பழைய அரவை மெஷினை மாற்ற நினைப்பவர், இவர்களுக்கெல்லாம் பி.எம்.இ.ஜி.பி.யின் முதல் கடன் பொருந்தாது. அது புதிய யூனிட்டுக்கு மட்டும். விண்ணப்பத்துக்கு முன்பே விற்பனை பில்லும் ஜி.எஸ்.டி. கணக்கும் உத்யம் பதிவில் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பழைய தொடக்கத் தேதியும் இருந்தால், புதிய தொழில் என்று நிரூபிக்க முடியாது.

பி.எம்.எஃப்.எம்.இ.யில் விண்ணப்பம் தயாரிக்க மாவட்ட வள நபர் ஒருவர் உதவுவார். கடன் ஒப்புதலானால் அவருக்கு அரசே பணம் தருகிறது. திட்ட அறிக்கைக்கு உங்களிடம் தனியாக யாராவது தொகை கேட்டால் தர வேண்டியதில்லை.

மாநிலத் திட்டங்கள்: நீட்ஸ், யு.ஒய்.இ.ஜி.பி., அம்பேத்கர் திட்டம்

பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் வேறு எதையும் பார்ப்பதற்கு முன் 2023-இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைப் பார்க்க வேண்டும். 35 சதவீத மானியம், உச்சவரம்பு 1.5 கோடி, கூடவே 6 சதவீத வட்டி மானியம். மேலே சொன்ன எதுவும் இதற்கு ஈடில்லை. சேர்வராயன் மலையில் பழங்குடிக் குடும்பங்கள் இத்தனை இருக்க, காபிக்கும் மிளகுக்கும் மதிப்புக் கூட்டும் யூனிட்டுகள் அவர்கள் பெயரில் நிறைய வர வேண்டும். விளைந்ததை அப்படியே மூட்டையில் விற்றால் கிடைப்பது வேறு, வறுத்து விற்றால் கிடைப்பது வேறு.

புதிய தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டத்தில் 10 லட்சம் முதல் 5 கோடி வரை திட்டம் போடலாம். 25 சதவீத மானியம், உச்சவரம்பு 75 லட்சம். தவணை தவறாமல் கட்டினால் காலக்கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம். முதல் தலைமுறைத் தொழில்முனைவோர் என்பது நிபந்தனை. நம் கணக்கில் மானியம் 4.5 லட்சம், கடன் 12.6 லட்சம், நடைமுறை மூலதனம் போக ஏறத்தாழ 9.6 லட்சத்துக்கு 3 சதவீதம் என்றால் முதல் ஆண்டில் 28,800 ரூபாய் வட்டி குறையும். மாநகராட்சிக்குள் உணவு அல்லாத தொழில், உதாரணமாக லேத் பட்டறையோ பிளாஸ்டிக் மோல்டிங்கோ போடுபவருக்கு, பி.எம்.இ.ஜி.பி.யும் நீட்ஸும் சிறப்புப் பிரிவில் ஒரே 25 சதவீதம்தான். வட்டி மானியத்தால் நீட்ஸ் முந்துகிறது. கிராமத்தில் நிலைமை தலைகீழ். வட்டியில் ஆண்டுக்கு 9,000 ரூபாய் மிச்சப்படுத்த 1.8 லட்சம் மானியத்தை விடுவது சரியில்லை.

வேலையற்ற இளைஞர்களுக்கான யு.ஒய்.இ.ஜி.பி. சின்னத் திட்டங்களுக்கானது. உற்பத்திக்கு 15 லட்சம் வரை, மானியம் 25 சதவீதம், அதிகபட்சம் 3.75 லட்சம். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி, குடும்ப ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குள் என்ற வரம்பு உண்டு. 18 லட்சத்துத் திட்டம் இதில் அடங்காது. ஆனால் கொலுசுப் பட்டறைக்கு இது ஒத்துவரும். காரணம் இதுதான்: வெள்ளித் தொழிலில் மெஷின் செலவு குறைவு, சரக்குச் செலவு அதிகம். பி.எம்.இ.ஜி.பி.யில் உற்பத்தித் தொழிலுக்கு நடைமுறை மூலதனம் திட்டச் செலவில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வெள்ளியை வாங்கிச் செய்வதாகக் காட்டினால் அந்த வரம்பு உடனே உடையும். வியாபாரி வெள்ளி கொடுக்க, கூலிக்குச் செய்து கொடுப்பதாகத் திட்டம் போட்டு, கம்பி இழுக்கும் மெஷின், பற்றவைப்பு, மெருகு இவற்றுக்கு மட்டும் கடன் கேட்டால் கணக்கு நிற்கும்.

இரண்டு திட்டத்திலும் விண்ணப்பித்து எது முதலில் வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பி.எம்.இ.ஜி.பி.யில் கணவன், மனைவி சேர்த்து ஒரு குடும்பத்துக்கு ஒரு யூனிட்தான். ஏற்கெனவே வேறு அரசு மானியம் வாங்கிய யூனிட்டுக்கும் கிடையாது. கணவர் பெயரில் சின்னதாக ஒன்றை வாங்கிவிட்டு, மனைவி பெயரில் பெரியது கேட்கும்போதுதான் கதவு மூடியிருப்பது தெரியும்.

மின்சாரத்தில் 12 கிலோவாட் என்ற கோடு

கடன் கணக்கில் காட்டும் கவனத்தை மின் இணைப்பில் பலர் காட்டுவதில்லை. தாழ்வழுத்தத் தொழில் இணைப்பில் 12 கிலோவாட் வரை அனுமதிக்கப்பட்ட பளு உள்ளவர்கள் குறைந்த கட்டணப் பிரிவான 3-ஏ(1)-இல் வருவார்கள். அதைத் தாண்டினால் 3-பி. அந்தச் சிறிய பிரிவிலும் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை ஒரு விலை, அதற்கு மேல் கூடுதல் விலை.

12 கிலோவாட் என்பது ஏறத்தாழ 16 எச்.பி. காபி யூனிட்டில் அரவை மெஷினுக்கு ஏழரை, வறுவல் டிரம்முக்கு 2, புளோயருக்கு 1, பாக்கெட் மெஷினுக்கு 1 என்று கூட்டினால் பதினொன்றரை எச்.பி., அதாவது 8.6 கிலோவாட். விளக்கு, விசிறியெல்லாம் சேர்த்தாலும் கோட்டுக்குள் நிற்கும். ஆனால் கேஸ் பர்னருக்குப் பதிலாக மின்சாரச் சூட்டில் வறுக்கும் மெஷின் எடுத்தால் ஹீட்டர் ஒன்றே அந்த வரம்பை விழுங்கிவிடும். கொட்டேஷன் வாங்கும்போது விலையைப் பார்ப்பது போலவே மெஷினின் மொத்தக் கிலோவாட்டையும் எழுதி வாங்குங்கள். "பின்னால் தேவைப்படும்" என்று 20 எச்.பி. பளு கேட்டு வைப்பதும் இதே தவறுதான்.

குறு உற்பத்தி நிறுவனங்களுக்கு உற்பத்தி தொடங்கிய நாள் அல்லது இணைப்புப் பெற்ற நாள், இதில் எது பிந்தியதோ அதிலிருந்து 36 மாதங்களுக்கு மின்கட்டணத்தில் 20 சதவீதத்தை மாநில அரசு திருப்பித் தருகிறது. தானாக வராது, கட்டிய பில்களோடு மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுப் பெற வேண்டும். இணைப்பு ஷெட் உரிமையாளர் பெயரில் இருந்தால் சிக்கல் வரும் என்பதால், வாடகை ஒப்பந்தத்திலேயே மின் இணைப்பைப் பற்றி ஒரு வரி சேருங்கள். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் என்பது தனிக் கணக்கு. அதை மற்ற பட்டறைகளோடு குழப்ப வேண்டாம். பி.எம். சூர்யா கர் திட்டத்தில் கிடைக்கும் 78,000 ரூபாய் சோலார் மானியமும் வீடுகளுக்கு மட்டும்.

மலையில் ஷெட்

கிராமப்புற விகிதத்துக்காக மலையேற முடிவு செய்தால், புதிதாகக் கட்ட நினைக்காதீர்கள். ஏற்காட்டு மலைக் கிராமங்களில் கட்டடத்துக்கு மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் ஒப்புதலும் தேவைப்படும். அது வருவதற்குள் கடன் ஒப்புதலின் காலம் கரைந்துவிடும். ஏற்கெனவே இருக்கும் கட்டடத்தை வாடகைக்கு எடுப்பது, இல்லாவிட்டால் அடிவாரத்துக் கிராம ஊராட்சியில் பார்ப்பது நல்லது. விகிதம் அங்கேயும் அதேதான், லாரி வருவதும் சுலபம். நிலத்தின் விலையைத் திட்டச் செலவில் சேர்க்க முடியாது. காபி பயிரிடுவதற்கு பி.எம்.இ.ஜி.பி. கிடையாது, பழம் உரிப்பது, வறுப்பது, அரைப்பது போன்ற மதிப்புக் கூட்டலுக்கு உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் உங்கள் தொழில் எந்த நிறம் என்பதையும் முதலிலேயே பாருங்கள். வெள்ளை என்றால் இசைவாணை தேவையில்லை. மற்றவற்றுக்குத் தேவை, தண்ணீர் அதிகம் வெளியேறும் ஜவ்வரிசி ஆலைகளுக்கு இதுதான் பெரிய வேலை.

பணம் எங்கே சிக்குகிறது?

ஒப்புதல் கடிதம் வருவதற்கு முன் மெஷினுக்கு முன்பணம் கொடுத்து பில் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கடன் தொகை வங்கியிலிருந்து நேராக மெஷின் விற்பவர் கணக்குக்குப் போகும். பழைய தேதியிட்ட பில்லை வங்கி ஏற்காது. திட்ட அறிக்கையில் முதல் ஆண்டே முழுத் திறனில் ஓடும் என்று எழுதுவது அடுத்தது. காபி வறுக்கும்போது எடையில் 15 முதல் 18 சதவீதம் குறையும். 100 கிலோ பச்சைக் கொட்டை போட்டு 100 கிலோ தூள் விற்பதாகக் காட்டிய அறிக்கையைப் பார்த்ததும் மேலாளருக்கு நம்பிக்கை போய்விடும். 10 லட்சம் வரையிலான கடனுக்காவது பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்கு மேல், பிணைக்குப் பதிலாகச் சிறு தொழில் கடனுக்கு உத்தரவாதம் தரும் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. திட்டத்தைக் கேளுங்கள்.

பி.எம்.இ.ஜி.பி.யும் பி.எம்.எஃப்.எம்.இ.யும் 2025-26 நிதியாண்டு வரைக்கும் ஒப்புதல் பெற்றவை. அதன் பின் விண்ணப்பிப்பவர்கள் நடப்பு ஆணையில் விகிதம் என்ன என்று கேட்டுக்கொண்டு மேலே உள்ள கணக்கைத் தங்கள் எண்களோடு மறுபடி போட வேண்டும்.

பி.எம்.இ.ஜி.பி.யில் பெரும்பாலோர் மறக்கும் விதி ஒன்று உண்டு. மானியம் வங்கியில் வைப்பாக இருக்கும் அந்த 3 ஆண்டுகளுக்குள் நடைமுறை மூலதனக் கணக்கு ஒரு முறையாவது முழு வரம்பைத் தொட வேண்டும், பயன்பாடு 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இல்லாவிட்டால் அதற்கேற்ற மானியத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். வட்டிக்குப் பயந்து அந்தக் கணக்கைத் தொடாமல் வைத்திருப்பவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். சேர்வராயன் மலையில் காபிப் பழம் பறிப்பது நவம்பரில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை போகும். அந்த மாதங்களில் 3 லட்சத்தையும் எடுத்துக் கொட்டை வாங்கி இருப்பு வையுங்கள். விதியும் நிறைவேறும், ஆண்டு முழுக்க அரைக்கச் சரக்கும் இருக்கும். ஆய்வுக்கு வருபவர்கள் மெஷினையும் வாசலில் திட்டத்தின் பெயர்ப்பலகையையும் படம் எடுப்பார்கள். பலகையை முதல் நாளே மாட்டிவிடுங்கள்.