ஆர்கானிக் கோன் நூலும் கோணல் சட்டையும்

போன வாரம் கோபியிலிருந்து ஒரு தோழி போன் செய்தாள். "ஏனுங்க்கா, தங்கச்சிக்கு ஐப்பசியில பிரசவம். பாப்பாவுக்குக் குல்லாவும் சட்டையும் பின்னலாம்னு இருக்கேன். ஆர்கானிக் நூல் வாங்கட்டுங்களா?" நல்ல நாளாக இருந்தால் பொறுமையாகச் சொல்லியிருப்பேன். முந்தின ராத்திரிதான் முழுச் சட்டையையும் பிரித்துப் போட்டிருந்தேன்.

மூன்று வருஷமாகத் திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டர் போக மிச்சமாகும் கோன்தான், அதாவது கூம்பில் சுற்றிய மில் நூல்தான் எனக்கு. 20ஸ் (நூலின் பருமனைச் சொல்லும் எண்) ஆர்கானிக், கோரா, அதாவது வெளுக்காமல் சாயம் போடாமல் இருப்பது. எட்டு இழை சேர்த்து மூணு மில்லிமீட்டர் ஊசியில் போட்டால் குழந்தைத் துணிக்குக் கச்சிதம். ஆனால் அத்தனையும் சிங்கிள், ஒற்றை இழையாக ஒரே பக்கம் முறுக்கியது. சும்மா சேர்த்துப் பிடித்தால் ஒன்றின் முறுக்கை இன்னொன்று அடக்காது. பின்னும்போது நேராகத்தான் இருக்கும். துவைத்துக் காயப்போட்டால் விலாவில் இருக்க வேண்டிய தையல் தொப்புளைப் பார்த்து நடந்து வந்திருக்கும். பனியன் கம்பெனியில் இதை ஸ்பைராலிட்டி என்பார்கள். எங்க அம்மா சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, கொழந்தை கோணிக்கிச்சா, சட்டை கோணிக்கிச்சா?" என்றார்.

வாங்கும்போதே ஒரு முழம் இழுத்து, இரண்டு முனையையும் சேர்த்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். கயிறு மாதிரி தானே சுற்றிக்கொண்டால் வைத்துவிட்டு வாருங்கள். இரண்டு 20ஸ் இழையைச் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கிய டபுள் நூல், 2/20ஸ், பெரும்பாலும் அமைதியாகத் தொங்கும். அதில் நாலு இழை போதும்.

இதில் ஆர்கானிக் மேல் குற்றமில்லை. ரசாயன உரம், செயற்கைப் பூச்சிமருந்து, மரபணு மாற்றிய விதை இல்லாமல் விளைந்த பருத்தி, அவ்வளவுதான் அந்த வார்த்தை. தொட்டால் மெத்தென்று இருப்பது கோம்ப்டா (குட்டை நாரைச் சீவி நீக்கியது) கார்டடா (அப்படிச் சீவாதது) என்பதில்தான் அதிகம் இருக்கிறது. ஆர்கானிக் துணிக்கான ஜி.ஓ.டி.எஸ். என்ற உலகத் தர முத்திரையிலும் ஆர்கானிக் என்று போட 95 சதவீதம் ஆர்கானிக் நார் வேண்டும். 'ஆர்கானிக் கலந்து செய்தது' என்பதற்கு 70 போதும். ஒரு கடையில் ஸ்டிக்கரில் பேனாவால் 'ஆர்கானிக்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அந்த லாட்டுக்கு டி.சி., அதாவது ஆர்கானிக் சரக்குதான் கைமாறியது என்று காட்டும் சான்றிதழ், இருக்கிறதா என்றேன். "நம்ம கடைங்க, நம்புங்க." நம்பினேன், காசும் கூடக் கொடுத்தேன். அது தனி எரிச்சல்.

ஆனால் கோரா இருக்கிறதே! முதல் சட்டையை வாளியில் போட்டபோது முங்கவே இல்லை, வாத்து மாதிரி மிதந்தது. பஞ்சின் மெழுகு அப்படியே இருந்திருக்கிறது. சலவை சோடா போட்டு ஒரு மணி நேரம் வேகவைத்தேன், தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. அதன்பிறகு ஜொள்ளு, பால், வேர்வை எதுவானாலும் சட்டென்று உறிஞ்சிக்கொள்கிறது. துவைக்கத் துவைக்க இன்னும் மென்மையாகிறது. சுருங்கும் என்பதால் மாதிரித் துண்டையும் வேகவைத்த பிறகே கண்ணி எண்ணுங்கள்.

தோழிக்கு "சிங்கிள் பக்கமே போகாதே" என்று மெசேஜ் அனுப்பினேன். சாயங்காலம் கோன் விலை இறங்கியிருக்கிறது என்று காதில் விழுந்தது. போய் ரெண்டு தூக்கிக்கொண்டு வந்தேன். சிங்கிள்தான்.