ட்ரெவர் நோவாவின் ‘போர்ன் எ கிரைம்’ ஒலிநூல்: வாசிக்காதீர்கள், கேளுங்கள்

திருகோணமலையிலிருந்து இரவு ரயிலில் கொழும்புக்குப் போகிற யாராவது “வழியில் என்ன கேட்கலாம்” என்று கேட்டால் இனி என்னிடம் ஒரே பதில்தான். இந்த ஒலிநூல் மொத்தம் 8 மணி 44 நிமிடம். சீனன்குடா தாண்டும்போது தொடங்கினேன். கல்லோயா சந்தியில் வண்டி வெகுநேரம் நின்றபோது பெட்டி முழுக்கச் சனம் நித்திரை, நான் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கும்போது கடைசி அத்தியாயம் மிச்சமிருந்தது, அதை முடிக்காமல் போக மனம் வரவில்லை, விடியும்வரை பிளாட்பாரத்து வாங்கில் இருந்து கேட்டு முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

யார் இவர் என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ட்ரெவர் நோவா ஒரு மேடை நகைச்சுவைக் கலைஞர், 1984 பெப்ரவரி 20இல் தென்னாபிரிக்காவின் ஜொகனஸ்பர்க்கில் பிறந்தவர். இந்தப் புத்தகம் அவருடைய இளமைக்காலக் கதை. அம்மா கோசா இனத்துக் கறுப்பினப் பெண், அப்பா சுவிட்சர்லாந்து வெள்ளைக்காரர். அந்தக் காலத்துத் தென்னாபிரிக்காவில் இந்த இரண்டு பேரும் சேர்வதே குற்றம். 1927இல் வந்த சட்டம், பிடிபட்டால் ஆணுக்கு ஐந்து வருடம் வரை சிறை, பெண்ணுக்கு நான்கு வருடம் வரை. அதனால்தான் புத்தகத்துக்கு இந்தத் தலைப்பு, பிறந்ததே குற்றம். தெருவில் அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து போனால் சந்தேகம் வரும் என்பதற்காக, இவருடைய நிறத்தில் இருக்கிற பக்கத்து வீட்டுப் பெண்ணைத் தாய் மாதிரி நடக்கவிட்டு, பெற்ற தாய் வேலைக்காரி மாதிரி பின்னால் வருவாராம். அதை அவர் மிகச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். எனக்கு அந்த இடத்தில் நிறுத்தி, கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்க்க வேண்டியிருந்தது.

இதன் அச்சுப் புத்தகம் என்னிடம் இரண்டு வருடமாக இருக்கிறது. நாற்பது பக்கம் தாண்டவில்லை. காரணம் எழுத்து இல்லை, மொழி. இவர் வளர்ந்த வீட்டில், தெருவில், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், கோசா, ஸூலு, சோத்தோ, ஆஃப்ரிகான்ஸ் என்று மொழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன, தாளில் அவை வெறும் எழுத்துக் கூட்டமாகக் கிடக்கின்றன. ஒலிநூலை வாசித்திருப்பவரே நோவாதான், அதனால் எல்லாம் உயிர் பெற்றுவிடுகிறது. மாட்டு வண்டிக்காரர் மாட்டை விரட்ட நாக்கைப் பக்கவாட்டில் சொடுக்குவாரே, அந்தச் சத்தம் கோசா மொழியில் ஒரு மெய்யெழுத்து. அதைக் காதால் கேட்காமல் விளங்கிக்கொள்ளவே முடியாது. கேட்ட பிறகு அந்த மொழிப் பெயரைக்கூட நாம் சொல்கிற மாதிரிச் சொல்ல மனம் வராது.

இடையில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு நாள் இதன் ஒரு பகுதியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஜொகனஸ்பர்க்கின் கறுப்பினக் குடியிருப்பான சோவெட்டோவில் இருந்த நோவாவின் அம்மம்மா பேசுகிற இடம். பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் அடி விழும், இவருக்கு மட்டும் விழாது. வெள்ளைப் பிள்ளைக்கு எப்படி அடிப்பது என்று தனக்குத் தெரியாது, அடித்தால் நீலம், பச்சை, சிவப்பு என்று நிறம் மாறுகிறான் என்று கிழவி முறையிடுகிறார். எங்கள் அம்மாவுக்கு ஆங்கிலம் நாலைந்து சொல் தெரியும், அவ்வளவுதான். அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு, “யாரடி இது, உன்ர அப்பம்மா மாதிரியே கதைக்கிறா” என்று கேட்டா. ஒரு ஆண் குரல்தான் பேசுகிறது என்று நான் சொல்லியும் நம்பவில்லை.

நான் இரண்டு தடவை திருப்பிக் கேட்ட இடம் வேறு. இவர் தெருவில் தனியாக நடந்து போகிறார், பின்னால் சில ஸூலு இளைஞர்கள் வருகிறார்கள், இவருக்கு விளங்காது என்ற நினைப்பில் இவரை எப்படி மடக்கிப் பறிக்கலாம் என்று தங்கள் மொழியில் திட்டம் போடுகிறார்கள். ஓட வழியில்லை. இவர் சட்டென்று திரும்பி, ஸூலுவிலேயே, எல்லாரும் சேர்ந்து வேறு யாரிடமாவது பறிப்போமா என்று கேட்கிறார். அவ்வளவுதான், அவர்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கு எங்கள் அப்பா ஞாபகம் வந்தது. அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர், சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். என் கையைப் பிடித்திருந்த அப்பாவின் உள்ளங்கை ஈரமாக இருந்தது. ஆனால் ஆமிக்காரர் அடையாள அட்டையைக் கேட்டதும் அப்பா சிங்களத்தில், “மல்லி, கமே கொஹெத?” என்று அவருடைய ஊரை விசாரித்தார். அந்தப் பொடியன் முகம் மாறியது. ஊரைச் சொன்னான், அப்பா அந்த ஊர்ப் பக்கத்து மழையைப் பற்றி ஏதோ கேட்டார், அவன் சிரித்தான். பஸ்ஸில் ஏறி இருந்த பிறகும் அப்பாவின் கை ஈரமாகத்தான் இருந்தது.

இந்த ஒலிநூலில் ஒரு நகைச்சுவைக் கலைஞர் எப்படி உருவானார் என்பதற்கான பதில் மேடையில் இல்லை, பள்ளிக்கூடக் கன்ரீன் வரிசையில் இருக்கிறது. ஆரம்பப் பள்ளியில் இவரை வெள்ளைப் பிள்ளைகள் நிறைந்த ‘ஏ’ வகுப்பில் போடுகிறார்கள். இடைவேளையில் கறுப்பினப் பிள்ளைகளோடு அவர்கள் மொழியிலேயே கதைத்த பிறகு, இவரே கேட்டு ‘பி’ வகுப்புக்கு மாறுகிறார். உயர்பள்ளிக்குப் போனதும் எந்தக் கூட்டத்திலும் சேர முடியவில்லை. ஆனால் நல்ல ஓட்டக்காரர். இடைவேளை மணி அடித்ததும் முதல் ஆளாகக் கன்ரீனுக்கு ஓடி, மற்றவர்களுக்கும் சாப்பாடு வாங்கிக் கொடுத்து அதற்குக் காசு எடுக்கிறார். அதனால் எல்லாக் கூட்டத்துக்குள்ளும் போய்வர ஒரு வழி கிடைக்கிறது. போகிற இடத்தில் ஒரு பகிடி விட்டு, சிரிக்க வைத்து, அவர்கள் சலிப்பதற்கு முன் அடுத்த கூட்டத்துக்கு. இதைக் கேட்டபோது, மேடை நகைச்சுவை என்றால் என்ன என்று எனக்கு முதல்முறையாகச் சரியாக விளங்கியது.

திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகவே இருக்காது. இங்கே தமிழ்ப் பிள்ளைகள் ஒரு பள்ளிக்கூடம், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்று, சிங்களப் பிள்ளைகள் ஒன்று. எல்லாரும் சேர்வது கடற்கரைக் கிரிக்கெட்டில்தான். எங்கள் ஆட்டத்தில் மூதூர்ப் பக்கத்துப் பொடியன் ஒருவன் மூன்று விதமாகவும் பகிடி விடுவான், எங்களோடு ஒரு தமிழ், அவன் வீட்டாரோடு வேறு தமிழ், அப்புறம் சிங்களம். அவுட்டா இல்லையா என்று சண்டை வந்தால் அவன் வாய் திறக்கும்வரை எல்லாரும் காத்திருப்பார்கள். அவன் இப்போது ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறான். கடைக்குப் போனால் இன்றைக்கும் ஆணி வாங்க அரை மணித்தியாலம் ஆகும்.

இன்னொரு அத்தியாயம் மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது. நோவா இளம் வயதில் அலெக்ஸாண்ட்ரா என்ற குடியிருப்பில் திருட்டு சிடி விற்று, பாட்டுப் போடுகிற டிஜே ஆகிறார். அவருடைய குழுவின் சிறந்த நடனக்காரன் பெயர் ஹிட்லர். அங்கே அது வெறும் பெயர், அந்த வரலாறு அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்படவே இல்லை. ஒரு நாள் யூதப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் ஆட்டம், வழக்கம்போல அந்தப் பெயரைச் சொல்லிக் கூச்சல் போட்டு அழைக்கிறார்கள், மண்டபமே உறைந்துபோகிறது. ஏன் என்று நோவாவுக்கு விளங்கவே இல்லை. ஒரு கூட்டத்தில் கைதட்டல் வாங்குகிற சொல் அடுத்த கூட்டத்தில் ரணத்தைக் கிளறும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. பல இனம் வாழ்கிற ஊரில் மைக் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் இந்த ஒரு அத்தியாயத்துக்காகவே கேட்க வேண்டும்.

குறை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இவர் மேடை ஏறிய கதை இதில் கிட்டத்தட்ட இல்லை. இருபதுகளின் தொடக்கத்தில் மேடை ஏறியது, 2009இல் நடத்திய ‘த டேவோக்கர்’ தனிநிகழ்ச்சி, 2015 செப்டம்பரில் அமெரிக்காவின் ‘த டெய்லி ஷோ’ என்ற நையாண்டிச் செய்தி நிகழ்ச்சியில், அதை நடத்திவந்த ஜோன் ஸ்டூவர்ட்டின் இடத்துக்கு வந்தது, இதையெல்லாம் தேடிக் கேட்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். பள்ளிக்காலக் காதல் அத்தியாயங்கள் நீளம், எனக்கு அங்கே அலுப்புத் தட்டியது. சிறு பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஸ்பீக்கரில் போடாதீர்கள், கெட்ட வார்த்தைகள் உண்டு. கடைசி அத்தியாயம் வீட்டு வன்முறை பற்றியது. 2009இல் வளர்ப்புத் தந்தை அம்மாவைத் தலையில் சுடுகிறார், அம்மா பிழைத்துக்கொள்கிறார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, அழுதுகொண்டிருக்கும் மகனிடம் அம்மா சொல்கிற பகிடியை நான் இங்கே எழுத மாட்டேன். கோட்டை ஸ்டேஷனில் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, பக்கத்தில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஐயா “என்ன பிள்ளை, ஏதும் பிரச்சினையா” என்றே கேட்டுவிட்டார்.

வாங்குவது எப்படி என்றால், ஒலிநூல் விற்கிற ஆடிபிள் தளத்தில் கிடைக்கிறது. நான் எடுத்த மாதச் சந்தா 14.95 டாலர், அதில் புத்தகம் வாங்குவதற்கென்று வருகிற ஒரு கிரெடிட் இதற்குப் போதும். என் வங்கி அட்டை முதலில் வேலை செய்யவில்லை, வங்கிக்கு அழைத்து வெளிநாட்டு இணையக் கொடுப்பனவைத் திறந்துவிடச் சொன்ன பிறகு சரிவந்தது. வீட்டிலேயே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள், கந்தளாய் தாண்டிக் காட்டுக்குள் போனால் சிக்னலை நம்ப முடியாது. வேகத்தைக் கூட்டிக் கேட்காதீர்கள், இவர் விடுகிற சிறு இடைவெளிகளில்தான் பாதிச் சிரிப்பு இருக்கிறது.

முடித்த கையோடு நெட்ஃப்ளிக்ஸில் இவருடைய 2018 மேடை நிகழ்ச்சியைப் பாருங்கள். பெயர் ‘சன் ஆஃப் பட்ரிசியா’. பட்ரிசியா அவருடைய அம்மா.