மூன்று வருடமாக ஓடும் ஊறுகாய் வேகன்

வீட்டுக்கு யார் வந்தாலும் நான் கட்டியிருக்கும் மாதிரி ரயிலில் முதலில் குனிந்து பார்ப்பது ஊறுகாய் வேகனைத்தான். எச்ஓ அளவு, அதாவது அசலில் 87-ல் ஒரு பங்கு. 5 அங்குல நீளத்தில் ஒரு தட்டு வண்டி, மேலே கூரை, கூரைக்கு அடியில் நான்கு மரத்தொட்டிகள். மூன்றாவது தொட்டியில் தொப்பி போட்ட ஒரு மனிதன் கழுத்துவரை உப்புநீரில் உட்கார்ந்திருக்கிறான். அவன் சட்டை பிரேக் சக்கரத்தில் காய்கிறது. இதைக் கட்டி முடித்து மூன்று வருடமாகிறது. வாரக்கடைசிகளில் தவறாமல் ஓடுகிறது. எது தாங்கியது, எது தாங்கவில்லை என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

அந்த மனிதன் என் கற்பனை. வேகன் கற்பனை இல்லை. அமெரிக்காவில் வெள்ளரிப் பிஞ்சை விளைந்த ஊரிலேயே உப்பில் போட்டு, இப்படி மரத்தொட்டி வைத்த வேகன்களில் ஆலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஹெயின்ஸ் நிறுவனத்துக்காக இப்படிப்பட்ட வேகன்கள் ஓடின. உப்புநீர் சிந்திச் சிந்தி இரும்பெல்லாம் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு ஆசை வந்ததே அந்தத் துருவைப் பார்க்கத்தான்.

கலிஃபோர்னியாவின் மான்டரேயில் ஜான் ஆலன் கட்டிய ‘கோரி அண்ட் டிஃபீட்டட்’ மாதிரி ரயில்பாதையில், யார்டில் வேகன்களை நகர்த்த எம்மா என்றொரு ஸ்டெகோசாரஸ், அதாவது டைனோசர் பொம்மை இருந்தது. 1973-ல் அவர் இறந்த சில நாட்களிலேயே அந்தப் பாதை தீயில் போய்விட்டது. நமக்குப் படங்கள்தான் மிச்சம். அவற்றைப் பார்க்கும்போது டைனோசர் உறுத்தவே இல்லை. பக்கத்தில் நிற்கும் வேகன்களின் புழுதியும் கரியும் அவ்வளவு நிஜம். அதிலிருந்து நான் பிடித்துக்கொண்டது இதுதான்: தொட்டிக்குள் ஆளை உட்காரவைக்க வேண்டுமென்றால், தொட்டியின் அழுக்கில் பொய் இருக்கக் கூடாது.

தொட்டிகளை அட்டையைச் சுருட்டிச் செய்தேன். மேலே காபி கலக்கும் மரக்குச்சிகளை 2 மில்லிமீட்டர் அகலச் சிம்புகளாகக் கிழித்து ஒட்டினேன். ஒரு தொட்டிக்கு ஏறக்குறைய 40 சிம்பு. ஒட்டும் முன்பே ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சில சொட்டு கறுப்பு இந்தியன் இங்க் கலந்து சிம்புகளை முக்கி எடுத்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு சாயம் போட்டால் பசை பட்ட இடத்தில் அது ஏறாது, திட்டுத்திட்டாக வெள்ளை தெரியும். இந்த நரைத்த நிறம் மூன்று வருடத்தில் துளியும் மாறவில்லை. ஊறுகாய்க்கு ஓமத்தைப் பச்சை அக்ரிலிக்கில் புரட்டிப் போட்டு, பளபளப்பு வார்னிஷ் ஊற்றினேன். வார்னிஷ் மெல்ல மஞ்சளித்துவிட்டது. உப்புநீருக்கு அதுவும் நன்றாகவே இருக்கிறது.

அடிச்சட்டத் துருவுக்கு உப்பு முறை. துருப் பழுப்பை அடித்துக் காயவைத்து, லேசாக ஈரமாக்கி, கல்லுப்பைப் பொடித்துத் தூவி, அதன் மேல் கறுப்பை ஸ்ப்ரே செய்ய வேண்டும். காய்ந்ததும் உப்பைத் தட்டிவிட்டால் அந்த இடங்களில் மட்டும் துரு எட்டிப்பார்க்கும். தூரிகையால் எத்தனை பொறுமையாகத் தொட்டாலும் இந்த ஒழுங்கின்மை கிடைக்காது. ஆனால் உப்பை முழுக்கக் கழுவிவிடுங்கள். எனக்கு ஒரு மூலையில் கொஞ்சம் தங்கிவிட்டது. மழைக்காலத்தில் அங்கே ஈரம் இழுத்து வண்ணம் உரிந்தது.

சாக்பீஸ் பொடிதான் சுமார். மணல்தாளில் உரசி எடுத்த பழுப்புப் பொடியைத் தூரிகையால் பூசும்போது அசத்தலாக இருக்கும். மேலே பளபளப்பில்லாத பூச்சான மேட் ஸ்ப்ரே அடித்ததும் பாதி மறைந்துவிடும். அதனால் தேவைக்கு இரு மடங்கு பூசுகிறேன். காற்றில் ஈரம் அதிகமுள்ள நாளில் அந்த ஸ்ப்ரேயைத் தொடவே வேண்டாம், வெள்ளைப் பனி மாதிரி படிந்துவிடும்.

இப்போது பெரிய தவறு. அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் பரிந்துரைப்படி எச்ஓ வண்டிக்கு 1 அவுன்ஸ், அதோடு நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ் எடை வேண்டும். என் வேகனுக்கு 3.5 அவுன்ஸ், சுமார் 100 கிராம். அந்த எடைக்குத் தூண்டில் ஈயக் குண்டுகளைத் தொட்டிகளின் அடியில் போட்டு வெள்ளைப் பசை ஊற்றினேன். 14 மாதம் கழித்து முதல் தொட்டியின் சிம்புகள் விரிந்து வளையம் தெறித்தது. உள்ளே வெள்ளைப் பொடி. பசையிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் ஈயத்தை அரித்து, அது ஈய வெள்ளையாக மாறிப் பருத்துவிடுகிறது. அந்தக் காலத்தில் வண்ணத்துக்கான ஈய வெள்ளையை வினிகர் வைத்துத்தான் தயாரித்தார்கள் என்று அப்புறம் படித்தேன். அந்தப் பொடி விஷம். முகமூடி, கையுறையோடு நான்கு தொட்டிகளையும் பிரித்தேன். ஆள் இருந்த தொட்டியைப் பிரிக்கத்தான் மனசு கேட்கவில்லை. சிம்புகளை எண் போட்டு வைத்து, திரும்ப அதே வரிசையில் ஒட்டினேன். இப்போது உள்ளே இருப்பவை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நட்டுகள், எபாக்சியில். 20 மாதமாக அசையவில்லை.

உலோகச் சக்கரங்களும், வண்டிகளைக் கோக்கும் கேடீ நிறுவனத்தின் 5-ம் எண் கப்ளரும் முதல் நாள் போட்டவைதான். கப்ளருக்கு அவ்வப்போது கிராஃபைட் தூள், அவ்வளவே.

அடுத்தது மரத்தாலான வினிகர் டேங்க் வேகன். அதற்கான நட்டுகளை இப்போதே எடை போட்டு, 100 கிராம் பொட்டலமாகக் கட்டி வைத்துவிட்டேன்.