ஆஷ் மர மேசையில் மாவு கொட்டுகிறதா? கடைக்காரர் சொல்லும் சமாதானத்தை நம்பாதீர்கள்

சிங்கப்பூரின் செங்காங்கில் ஒரு குடும்பம் 2,400 வெள்ளிக்கு, ஆஷ் (ash) என்ற வெளிநாட்டு மரத்தில் செய்த சாப்பாட்டு மேசை வாங்கியது. நான்காவது மாதம் மேசைக்காலடியில் வெளிர்நிற மாவு. கடையில் கேட்டால், "அக்கா, இது அமெரிக்காவுல மரம் நிக்கும்போதே பச்சை வண்டு போட்ட ஓட்டை. பூச்சி எப்பவோ செத்துப்போச்சு" என்றார்கள். ஓட்டைகளை மெழுகால் அடைத்து, வார்னிஷ் மேலேயே மருந்தடித்து, அதற்கு 280 வெள்ளி தனியாக வாங்கினார்கள். மூன்றே வாரத்தில் பக்கத்திலேயே புது ஓட்டைகள்.

சொன்னது பொய். அந்தப் பச்சை வண்டு இருப்பது உண்மைதான். 2002இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டது. கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றிருக்கிறது. ஆனால் அதன் புழு பட்டைக்கு அடியில்தான் வளைந்து வளைந்து தின்னும். வண்டு வெளியேறும் ஓட்டை ஒரு பக்கம் தட்டையான அரைவட்டம், 3 முதல் 4 மி.மீ. பட்டை உரித்து, அறுத்து, சூளையில் உலர்த்திய பலகையில் அது மாவு கொட்டிக்கொண்டிருக்க வழியே இல்லை.

மேசையில் இருந்தது உளு வண்டு, அதாவது காய்ந்த மரத்தைத் துளைத்து மாவாக்கும் வண்டு. ஓட்டை சுத்த வட்டம், 1 முதல் 2 மி.மீ. தூளை விரலிடுக்கில் தேய்த்தால் முகப்பவுடர் மாதிரி வழுக்கும். நறநறவென்று மணிமணியாக இருந்தால் அது உலர்மரக் கரையானின் எச்சம். அதற்கு வைத்தியம் வேறு. ஓட்டையின் விளிம்பு கறுத்து, தூளே விழாமல் இருந்தால்தான் பழைய ஓட்டை என்று விட்டுவிடலாம்.

மரத்தில் வைரம் பாயாத, அதாவது முற்றிக் கெட்டியாகாத, வெளிப்பகுதியில் உள்ள மாவுச்சத்துதான் உளுவுக்குத் தீனி. ஆஷ் மரத்தின் நுண்துளைகள் பெரியவை, அதற்குள் முட்டையிடும். வார்னிஷ் பூசிய பரப்பில் இடாது. அதனால் வாங்கும்போதே மேசையைக் கவிழ்த்து, அடிப்பக்கமும் கால்நுனியும் பூசப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதே வார்னிஷ் மருந்தையும் உள்ளே விடாது. பூச்சியைக் கொல்லும் போரேட் உப்புக் கரைசல் அடிப்பதானால் பூச்சைத் தேய்த்தெடுத்து வெறும் மரத்தில்தான் அடிக்க வேண்டும்.

மாவு கண்டால் துடைத்துவிட்டு, இருக்கும் ஓட்டைகளைப் பென்சிலால் வட்டமிட்டு, கீழே கறுப்புத் தாள் விரியுங்கள். இரண்டு வாரம் தேதியோடு படம் எடுங்கள். மெழுகால் அடைக்க மட்டும் விடாதீர்கள், ஆதாரமே போய்விடும்.

பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை, கொடுத்தபோதே இருந்ததாகத்தான் சிங்கப்பூர்ச் சட்டம் 2012 செப்டம்பர் முதல் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று காட்டவேண்டியது கடைக்காரர். பழுதுபார்க்கவோ மாற்றித்தரவோ கேளுங்கள், மறுத்தால் சிறு கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது: 20,000 வெள்ளி வரை, 2 ஆண்டுக்குள், வழக்கறிஞர் இல்லாமலே. அந்தக் குடும்பம் கையெழுத்துப் போட்ட ரசீதில் "இயற்கைத் தழும்பு பராமரிப்பு" என்று எழுதியிருந்தது. அப்படி எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "பூச்சித் துளை, புகார்" என்று எழுதித்தரச் சொல்லுங்கள்.