டியூனர் வாங்கலாமா? கேத்தியிலிருந்து நான்கு வருட அனுபவம்

"அண்ணா, நீங்க வெச்சிருக்கிற டியூனர் விலை இறங்கியிருக்கு. வாங்கிடட்டுமா?" என்று கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி போன வாரம் கேட்டார். பைக் எஞ்சினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று தீர்மானிக்கிற குட்டிக் கம்ப்யூட்டர்தான் இசியூ. அதில் இருக்கிற எண்களை மாற்றி எழுதுகிற பெட்டிதான் டியூனர். போனில் பத்து நிமிடம் பேசியும் வாங்கு, வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதியே விடுகிறேன். என் வண்டியின் பழைய இசியூ எரிந்துபோய், புதியது மாட்டி மூன்று மாதம்தான் ஆகிறது. கோபம் இன்னும் ஆறவில்லை. அதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

என்னுடையது இரட்டைச் சிலிண்டர் 650, பிஎஸ்6 வண்டி. டியூனரை வாங்கியது 2021-ல்.

வேகத்துக்காக நான் இதை வாங்கவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்வருகிறேன். குன்னூருக்குக் கீழே கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் ஆக்ஸிலேட்டரை மூடி இறங்கி, வளைவின் நடுவில் லேசாகத் திருகினால் வண்டி ஒரு வெட்டு வெட்டும். மூடியதும் இசியூ பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடுகிறது, திறந்ததும் சட்டென்று கொடுக்கிறது. அதோடு, புகைக் கட்டுப்பாட்டுக்காகக் குறைந்த திருகலில் பெட்ரோலை அளந்து அளந்துதான் விடுகிறார்கள். சமவெளியில் இதைக் கவனிக்கக்கூட மாட்டீர்கள். சாரல் மழையில் தார் ரோடு வழவழவென்று இருக்கும்போது, எதிரே அரசு பஸ் மொத்த வளைவையும் எடுத்துக்கொண்டு ஏறிவருகிற நேரத்தில் அந்த ஒரு வெட்டு போதும், பின் சக்கரம் நழுவ.

டியூனரை வைத்து இரண்டு இடத்தில்தான் கை வைத்தேன். குறைந்த திருகலில் பெட்ரோலைக் கூட்டி, கலவையைக் கொஞ்சம் கெட்டியாக்கினேன். பெட்ரோல் நிற்கிற இடத்தை, வளைவு வேகத்துக்கு மேலே இருக்கிற ஆர்பிஎம்முக்கு (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) தள்ளினேன். பெட்ரோல் நிற்பதை முழுக்க எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் எஞ்சின் பிரேக் குறையும், மலை இறங்கும் நமக்குப் பாதி பிரேக் அதுதான். ஐட்லிங் பகுதியைத் தொடவில்லை, சைலன்சரும் கம்பெனி சைலன்சர்தான், புகைச் சோதனையில் இதுவரை பிரச்சினை வந்ததில்லை. மாற்றிய முதல் நாள் பர்லியாறு வரை இறங்கினேன். ஒரு வளைவில்கூட கிளட்சைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. பர்லியாற்றில் வண்டியை நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு, அப்படியே திரும்பி ஏறினேன். அன்று மண்டிக்கே போகவில்லை.

அதைவிடப் பெரிய சந்தோஷம் நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது.

பெட்ரோல் மேப் என்பது ஒரு கட்டம் போட்ட அட்டவணை. ஒரு பக்கம் ஆர்பிஎம், இன்னொரு பக்கம் எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றின் அழுத்தம். அந்த அழுத்தம் கிலோபாஸ்கலில் இருக்கும். டியூனர் திரையில் அதை ஓடவிட்டு வண்டி ஓட்டிய ஒரு நாளில்தான் எனக்கு விளங்கியது. ஊட்டியில் ஆக்ஸிலேட்டரைக் கடைசிவரை திருகினாலும் எண் 78-ஐத் தாண்டாது. வெளிக்காற்றே அவ்வளவுதான் இருக்கிறது, எஞ்சின் அதற்கு மேல் எங்கே போகும்? குன்னூரில் 82 வரை வரும். பர்லியாற்றில் 90 அளவுக்கு ஏறும். மேட்டுப்பாளையத்தில் 97. மலை ரயில் 326 மீட்டரிலிருந்து 2,203 மீட்டர் வரை ஏறுகிறது என்று படித்திருக்கிறோம். அந்த ஏற்றம் முழுவதும் என் மேப்பில் வரிசை வரிசையாகக் கிடந்தது. மேட்டுப்பாளையத்தை விட ஊட்டியில் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் அது தெரியாமல் முதலில் பட்டேன். ஆரம்பத்தில் ஊட்டியையும் கேத்தியையும் சுற்றியே ஓட்டி, ஓடும்போது டியூனர் பதிகிற எண்களை (லாக்) எடுத்து, மேப்பைச் சரி செய்து வைத்திருந்தேன். அருமையாக ஓடியது. ஒரு ஏப்ரல் மதியம் மண்டி வேலையை முடித்துக்கொண்டு, கல்லாறு தாண்டி ஏற்றம் ஆரம்பிக்கிற இடத்தில் நான்காவது கியரில் நன்றாகத் திருகினேன். சோழியைக் குலுக்கியதுபோல் எஞ்சினிலிருந்து சத்தம். நாக்கிங், அதாவது பெட்ரோல் நேரம் தப்பி வெடிக்கிற சத்தம். மேலே நான் சரிபார்த்ததெல்லாம் 78 வரைக்கும்தானே? 85, 90, 95 வரிசைகளில் டியூனர் கம்பெனி கொடுத்த இக்னிஷன் எண்கள் (பொறி விழும் நேரம்) அப்படியே இருந்தன. கீழே வந்து, அடர்த்தியான காற்றும் வெயிலும் சேர்ந்தபோதுதான் அந்த வரிசைகள் வேலைக்கே வந்தன.

அதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்த மேப் '91 ஆக்டேன்' என்று எழுதி வந்தது. நாக்கிங்கைப் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்கிற எண் அது. நம் ஊரிலும் அப்போது சாதாரண பெட்ரோல் 91, சரியாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஆனால் மேப்பில் இருந்தது அமெரிக்கக் கணக்கு. அமெரிக்காவில் இரண்டு முறையில் அளந்து சராசரியைப் போடுவார்கள், இங்கே அதில் ஒரு முறையின் எண்ணை மட்டும் போடுகிறோம். அவர்களுடைய 91 நம் கணக்கில் 95-ஐத் தாண்டும். இது தெரியாமல் ரெடிமேட் மேப்பை ஏற்றிவிட்டு, "வண்டி சத்தம் வருதுங்க" என்று ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். 85-க்கு மேலே இருக்கிற வரிசைகளில் இக்னிஷனை இரண்டு டிகிரி பின்னால் தள்ளினேன், சத்தம் நின்றது. இன்றுவரை வரவில்லை.

இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபோதும் இந்தப் பெட்டி கைகொடுத்தது. வெறும் பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். அதனால் அதே காற்றுக்கு எரிபொருள் கூடுதலாகத் தர வேண்டும். மெதுவாகப் போகும்போது ஆக்சிஜன் சென்சார் பார்த்து இசியூவே சரிசெய்துகொள்ளும். முழுதாகத் திருகும்போது அந்த உதவி கிடையாது. மேல் வரிசைகளில் நான்கு சதவீதம் கூட்டிவிட்டேன், ஏற்றத்தில் பழைய இழுவை திரும்பியது. மைலேஜ் குறைந்தது குறைந்ததுதான், அதற்கு எந்த டியூனரும் ஒன்றும் செய்ய முடியாது.

பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. டியூனரிலிருந்து மேப்பை இசியூவில் எழுதிக்கொண்டிருக்கும்போது வோல்டேஜ் விழுந்தால் இசியூ பாதியில் நின்றுவிடும். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி காலையில் இந்த வேலையே வைத்துக்கொள்ளாதீர்கள். மத்தியானம், பேட்டரிக்குச் சார்ஜரைப் போட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

ஆகஸ்ட் மழையில் என் வண்டியின் ரெக்டிஃபயர் (பேட்டரிக்குப் போகிற வோல்டேஜைக் கட்டுக்குள் வைப்பது) போய், வோல்டேஜ் எகிறி, இசியூ எரிந்தது. அதற்கு டியூனர் காரணமில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புது இசியூ வர பதினெட்டு நாள். மாட்டி, டியூனரைச் செருகினால், 'இந்தச் சாதனம் வேறொரு இசியூவுடன் பூட்டப்பட்டுள்ளது' என்கிறது திரை. முதன்முதலில் எந்த இசியூவில் எழுதுகிறோமோ அதோடு பெட்டி பூட்டிக்கொள்ளும். விடுவிக்க, அதே இசியூவில் கம்பெனி மேப்பை, அதாவது வண்டியோடு வந்த மேப்பை, திரும்ப எழுத வேண்டும். எரிந்துபோன இசியூவில் எதை எழுதுவது?

டியூனர் கம்பெனிக்கு எழுதினேன். ஆர்சி புத்தகம், சேஸிஸ் நம்பர், எரிந்த இசியூவின் போட்டோ, ஒர்க்‌ஷாப் பில் எல்லாம் அனுப்பினேன். வண்டி அதேதான், ஆளும் அதேதான் என்று அவர்களுக்கே தெரிகிறது. ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது: புது இசியூவில் டியூனரைப் பயன்படுத்தப் புதிய லைசென்ஸ் வாங்கிக்கொள்ளவும். நான் வாங்கிய விலையில் ஏறக்குறைய கால்வாசி.

பூட்டு எதற்கு என்று எனக்குப் புரியாமல் இல்லை. பூட்டு இல்லாவிட்டால் ஒரு பெட்டியை வைத்து ஒரு ஊர் வண்டி முழுவதையும் எழுதிவிடுவார்கள். இவ்வளவு வருடம் உழைத்து ஒவ்வொரு வண்டிக்கும் மேப் போட்டவர்கள் என்ன செய்வார்கள்? அது நியாயம்தான். பெட்டியோடு வந்த தாளிலும் பூட்டு பற்றி எழுதியிருந்தது, நானும் படித்துத்தான் வாங்கினேன். ஆனால் என் மேப்புகள் அதற்குள் இருக்கின்றன. அவர்கள் கொடுத்தது ஆரம்ப எண்கள் மட்டும். நான்கு வருடம் மழையிலும் மூடுபனியிலும் ஏறி இறங்கி, எல்லநள்ளியிலும் காட்டேரியிலும் ரோட்டோரம் நின்று லாக் பார்த்து, ஒவ்வொரு கட்டமாகத் திருத்திய எண்கள் என்னுடையவை. லைசென்ஸ் இல்லாமல் அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கக்கூட முடியாது. இதை நினைத்தால் இரவில் தூக்கம் வரவில்லை.

நல்லவேளையாக மேல் வரிசை எண்களை ஒரு பழைய மண்டிக் கணக்கு நோட்டில் எழுதிவைத்திருந்தேன். டியூனர் வைத்திருக்கிற எல்லோரும் இன்றைக்கே இதைச் செய்யுங்கள். திரையைப் போட்டோ எடுத்தாவது வையுங்கள்.

ஆகவே தம்பி, விலை இறங்கியிருந்தாலும் வாங்க வேண்டாம். கோவையில் இசியூ பிளாஷ் செய்கிற, அதாவது மேப்பை மாற்றி எழுதுகிற, ஒர்க்‌ஷாப்புகள் இருக்கின்றன. அவர்கள் பெட்டியில், அவர்கள் பொறுப்பில் செய்துகொள். அவர்கள் 78-ல் லாக் எடுத்துப் பார்க்க மாட்டார்கள் என்பது உண்மை. ஊட்டியில் முழுதாகத் திருகும்போது ஏதாவது குறை தெரிந்தால் இரண்டாவது முறை போய்வர வேண்டியிருக்கும். இருக்கட்டும். காசு கொடுத்து வாங்கிய பெட்டி, வண்டிக்காரன் மேல் தப்பே இல்லாத ஒரு நாளில் உன்னை யாரென்றே தெரியாது என்று சொல்வதை நீ பார்க்க வேண்டாம்.

நான் லைசென்ஸ் பணத்தைக் கட்டிவிட்டேன். இரண்டு மாதம் கம்பெனி மேப்போடு ஓட்டிப் பார்த்தேன், வளைவில் அந்த வெட்டு திரும்ப வந்துவிட்டது, என்னால் முடியவில்லை. போன சனிக்கிழமை மதியம் சார்ஜரைப் போட்டு எழுதினேன். நோட்டில் இருந்த எண்களும் கோப்பில் இருந்தவையும் ஒத்துப்போயின. புது இசியூவில் 90 வரிசையை மட்டும் இன்னும் கீழே போய்ச் சரிபார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மழை விட்டால் இறங்குகிறேன். நீயும் குன்னூர் வந்துவிடு, பர்லியாறு வரை என் வண்டியை ஓட்டிப் பார்.